புள்ளியும் கோடும்: தொல்லியல், வரலாற்று ஆய்வில் வலையமைப்புப் பகுப்பாய்வு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலையமைப்புப் பகுப்பாய்வு என்றால் என்ன?

ஆட்களையோ ஊர்களையோ பொருட்களையோ புள்ளிகளாக வைத்து, அவற்றுக்கு இடையே உள்ள உறவைக் கோடாகப் போட்டு, கிடைக்கும் வலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது. திருமண உறவு, கடிதப் போக்குவரத்து, கடன், கப்பல் வழி, ஒரே மாதிரியான மண்பாண்டம் என்று எது வேண்டுமானாலும் கோடாகலாம்.

இதன் கணித வேர் 1736-இல் ஆய்லர் ஆராய்ந்த கோனிக்ஸ்பர்க் பாலப் புதிர். ஏழு பாலங்களையும் தலா ஒரு தடவை மட்டும் கடந்து ஊரைச் சுற்றிவர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று அவர் காட்டினார். பாலத்தின் நீளமோ ஆற்றின் அகலமோ அவருக்குத் தேவைப்படவில்லை. எந்தக் கரை எதோடு சேர்ந்திருக்கிறது என்பது மட்டும் போதுமாக இருந்தது. மனிதர்களை இப்படி வரையும் பழக்கம் 1930-களில் மொரேனோவிடமிருந்து பரவியது. வகுப்பில் யார் பக்கத்தில் உட்கார ஆசை என்று பிள்ளைகளிடம் கேட்டு, பதில்களைக் கோடுகளாகப் போட்டவர் அவர்.

இது அண்மையில் வந்த மோகம்தானே?

மோகம் அண்மையது, முறை பழையது. மாஸ்கோ பெரிய ஊரானதற்கு ஆற்று வணிக வழிகளின் நடுவில் அது இருந்ததுதான் காரணமா என்று 1965-லேயே ஃபாரஸ்ட் பிட்ஸ் என்ற புவியியலாளர் கணக்கிட்டுப் பார்த்தார். இடைக்கால ரஷ்ய ஊர்கள் புள்ளிகள், ஆற்று வழிகள் கோடுகள். மாஸ்கோ முதலிடத்துக்கு வரவில்லை. அப்படியானால் இருப்பிடம் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். 'இல்லை' என்ற விடையும் நல்ல விடைதான் என்பதற்காகவே இந்த உதாரணம் எனக்குப் பிடிக்கும். பசிபிக் தீவுகளைப் பற்றி 1970-களில் இதே வழியில் சில ஆய்வுகள் வந்தன. அப்புறம் நீண்ட இடைவெளி. கணினியும் பெரிய தரவுத்தளங்களும் வந்த பின், 2000-க்குப் பிறகுதான் வெள்ளம்போல் வர ஆரம்பித்தன.

பரவல் வரைபடம் ஏற்கெனவே இருக்கிறதே, இது எதற்கு?

எந்தப் பொருள் எங்கே கிடைத்தது என்பதை வரைபடம் சொல்லும். எந்த ஊருக்கு எந்த ஊரோடு ஒட்டுதல் என்பதை அதில் பார்க்க முடியாது. வரைபடத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஊர்கள் ஒன்றோடொன்று எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாமல் இருந்திருக்கலாம்.

தூரமே கிலோமீட்டரில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2012-இல் வெளியிட்ட ஆர்பிஸ் என்ற மாதிரி, ஏறக்குறைய கி.பி. 200 காலத்து ரோமப் பேரரசின் சாலைகளையும் ஆறுகளையும் கடல் வழிகளையும் ஒரே வலையாகக் கட்டியது. ஓர் ஊரிலிருந்து இன்னொன்றுக்குப் போக எத்தனை நாள், சரக்குக்கு எவ்வளவு செலவு, எந்த மாதத்தில் கிளம்பினால் எப்படி என்று அதில் கேட்கலாம். கப்பலில் சரக்கு அனுப்புவது வண்டியில் அனுப்புவதைவிட மிகமிக மலிவு. எனவே செலவை வைத்துப் பார்த்தால், கடலுக்கு அக்கரையில் உள்ள துறைமுகம், மலைக்குப் பின்னால் உள்ள பக்கத்து ஊரைவிட நெருங்கிவிடும்.

கோடு போடுவதில் என்ன கஷ்டம்? தொடர்பு இருந்தால் போட வேண்டியதுதானே?

தகராறே இங்கேதான் தொடங்குகிறது.

அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கூர்மையான கத்தி செய்ய ஏற்ற கல். ஒவ்வோர் எரிமலையின் கண்ணாடியிலும் வேதித் தனிமங்களின் அளவு வேறுவேறு. எனவே ஒரு சில்லைச் சோதித்தால் அது எந்த மலையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். காலின் ரென்ஃப்ரூவும் அவருடைய கூட்டாளிகளும் 1960-களில் மேற்காசியக் கற்காலக் கிராமங்களில் இதைச் செய்தார்கள். சரி, மலைக்கும் கிராமத்துக்கும் கோடு போட்டாயிற்று. அந்தக் கோடு என்ன சொல்கிறது? கிராமத்து ஆட்கள் மலைக்கே நடந்து போய் எடுத்து வந்தார்களா? ஊர் ஊராகக் கைமாறி வந்ததா? சீதனமாக வந்ததா? வியாபாரி ஒருவர் சுமந்து வந்தாரா? கோட்டைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கைமாறி வந்திருந்தால், மலைக்கும் அந்தக் கிராமத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. நடுவில் இருந்த பத்து ஊர்களின் கோடுகள்தான் உண்மையானவை. அவை நம் படத்திலேயே இல்லை.

எனவே நான் யாரிடமும் முதலில் கேட்பது இதுதான்: "இந்தப் படத்தில் கோடு என்றால் ___ என்று பொருள்" என்று ஒரே வாக்கியத்தில் எழுதிக் காட்டுங்கள். 'தொடர்பு' என்று எழுதினால் செல்லாது. 'ஒரே மலையின் கல்லை இருவரும் பயன்படுத்தியிருக்கிறார்கள்' என்பது செல்லும். 'அவர் இவருக்குக் கடிதம் எழுதியது சான்றோடு இருக்கிறது' என்பதும் செல்லும். அந்த வாக்கியம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு கனமான முடிவைத்தான் அதன்மேல் ஏற்றலாம்.

மண்பாண்ட ஓடுகளை வைத்து வலை கட்டுகிறார்கள். எப்படி?

பெரும்பாலும் ஒப்புமையை வைத்துத்தான். பிரெய்னெர்டும் ராபின்சனும் 1951-இல் கொடுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டு இடங்களில் கிடைத்த ஓடுகளின் சதவீதங்களை வகைவாரியாகக் கழித்து, குறி பார்க்காமல் கூட்டி, 200-இலிருந்து கழிக்க வேண்டும். 200 என்றால் அச்சு அசல் ஒன்று. 0 என்றால் ஒட்டே இல்லை.

கற்பனையாக மூன்று ஊர்களை வைத்துப் போட்டுப் பார்ப்போம். முதல் ஊரில் சிவப்பு 50, கறுப்பு 30, சாதா 20 சதவீதம். இரண்டாவதில் 40, 40, 20. மூன்றாவதில் 10, 20, 70. முதலுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் 10 + 10 + 0, அதாவது 20. எனவே ஒப்புமை 180. முதலுக்கும் மூன்றுக்கும் 40 + 10 + 50 என்று 100, ஒப்புமை 100. இரண்டுக்கும் மூன்றுக்கும் 30 + 20 + 50, அதுவும் 100. இனி எத்தனைக்கு மேல் இருந்தால் கோடு என்று நாமே ஓர் எல்லை வைக்க வேண்டும். 150 என்று வைத்தால் மூன்றாவது ஊர் தனித்துப் போகிறது. 90 என்று வைத்தால் மூன்றும் கைகோத்து நிற்கின்றன. ஓடுகள் மாறவில்லை, நம் எல்லைதான் மாறியது. அதனால் ஒரே எல்லையை வைத்து ஒரு படம் மட்டும் காட்டும் கட்டுரையை நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் படிப்பேன். மூன்று நான்கு எல்லைகளில் ஓட்டிப் பார்த்து, எதில் முடிவு நிற்கிறது, எதில் சரிகிறது என்று சொல்ல வேண்டும். எல்லையே வைக்காமல், ஒப்புமை எண்ணைக் கோட்டின் எடையாக அப்படியே பயன்படுத்துவதும் நல்ல வழி.

இன்னொரு வம்பும் உண்டு. 'அ'வும் 'ஆ'வும் ஒத்திருந்து, 'ஆ'வும் 'இ'யும் ஒத்திருந்தால், 'அ'வும் 'இ'யும் ஓரளவு ஒத்துத்தான் இருக்கும். அது கணக்கின் இயல்பு. ஆகவே ஒப்புமை வலையில் நெருக்கமான குழுக்கள் தெரிகின்றன என்று குதிக்கக் கூடாது. சமூகம் இல்லாவிட்டாலும் அவை தெரியும்.

ஒரே ஆவணத்தில் பெயர் வந்தவர்களை எல்லாம் இணைத்துவிடலாமா?

இணைக்கலாம், ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒரு பத்திரத்தில் 40 சாட்சிகள் இருந்தால், எல்லோரையும் எல்லோரோடும் இணைக்க 780 கோடுகள் தேவை. இருவர் மட்டும் செய்துகொண்ட பத்து ஒப்பந்தங்களில் வருவது 10 கோடுகள். அந்த ஒரே ஒரு பெரிய பத்திரம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆளையும் பத்திரத்தையும் இரண்டு வகைப் புள்ளிகளாகப் பிரித்தே வைத்துக்கொள்வது மேல். இல்லாவிட்டால் பெரிய கூட்டத்துக்குக் குறைந்த எடை கொடுங்கள்.

மையத்தன்மை என்று எப்போதும் பேசுகிறார்களே, அது என்ன?

யார் முக்கியம் என்பதற்கான அளவு. ஆனால் 'முக்கியம்' பல விதம். எத்தனை கோடுகள் ஒருவரிடம் வந்து சேர்கின்றன என்பது ஒன்று. மற்றவர்களுக்கு நடுவில் ஒருவர் எத்தனை முறை குறுக்கே நிற்கிறார் என்பது இன்னொன்று. இதை இடைநிலை மையத்தன்மை என்கிறோம்.

இதைப் புரிந்துகொள்ள ஃப்ளாரன்ஸ் நகரம்தான் வாகான உதாரணம். ஜான் பேட்ஜெட்டும் கிறிஸ்டோஃபர் ஆன்செலும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், 1400 முதல் 1434 வரையிலான அந்நகரத்து மேல்தட்டுக் குடும்பங்களின் திருமணம், தொழில், கடன் உறவுகளை அலசினார்கள். அதிலிருந்து 16 குடும்பங்களின் திருமண வலையை மட்டும் எடுத்து எல்லாப் பாடங்களிலும் பயன்படுத்துகிறார்கள். மெடிச்சி குடும்பத்துக்கு 6 கோடுகள். ஸ்ட்ரோஸிக்கு 4, குவதாஞ்ஞிக்கு 4. பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை அல்லவா? பணத்தில் ஸ்ட்ரோஸிதான் மேல். ஆனால் இடைநிலை மையத்தன்மையைக் கணக்கிட்டால் மெடிச்சிக்கு 0.522, குவதாஞ்ஞிக்கு 0.255, ஸ்ட்ரோஸிக்கு வெறும் 0.103. அதாவது மற்ற குடும்பங்களை இருவர் இருவராக எடுத்தால், அவர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதைகளில் பாதிக்கு மேல் மெடிச்சி வீட்டு வாசல் வழியாகப் போகின்றன. பாட்ஸி குடும்பத்தைப் பாருங்கள்: அவர்களுக்குச் சால்வியாத்தியோடு மட்டும்தான் சம்பந்தம். சால்வியாத்திக்கோ அவர்களை விட்டால் மெடிச்சிதான். மெடிச்சியைத் தாண்டாமல் பாட்ஸிக்கு ஊரே கிடையாது.

இந்த எண்ணோடு ஆய்வு முடிந்துவிடவில்லை. மெடிச்சியின் ஆதரவாளர்கள் ஒருவரோடொருவர் அதிகம் ஒட்டாதவர்கள். எல்லோருக்கும் பொதுவான கண்ணி மெடிச்சி மட்டும். அதிகாரத்துக்காக மெடிச்சியோடு போட்டியிட்ட எதிர் அணியோ ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்துப் பின்னிக் கிடந்தது. அவர்களில் யாரும் தலைவன் இல்லை, யாரும் யார் சொல்லையும் கேட்க வேண்டிய நிலையும் இல்லை. 1434-இல் காரியம் முற்றியபோது அந்த அணியால் ஒன்றாகத் திரள முடியவில்லை, நாடு கடத்தப்பட்டிருந்த கோசிமோ மெடிச்சி திரும்பி வந்தார். ஆவணங்களை ஏற்கெனவே நன்றாகப் படித்திருந்த வரலாற்றாசிரியர்களின் உழைப்பு அடியில் இருந்ததால்தான் அந்த எண்ணுக்கு உயிர் வந்தது.

கிடைத்த தரவே அரைகுறை. அதில் வலை கட்டினால் ஏமாறமாட்டோமா?

ஏமாறலாம், அதுவும் அழகாக. ரோம அரசியல்வாதி சிசரோவின் கடிதத் தொகுப்பில் 900-க்கும் மேற்பட்ட கடிதங்கள் உள்ளன. பெரும்பாலானவை அவரே எழுதியவை. அவருடைய உயிர் நண்பர் அட்டிகஸ் அவருக்கு எழுதிய ஒரு கடிதம்கூட மிஞ்சவில்லை. இதை வலையாக வரைந்தால் ரோமக் குடியரசின் நடுப்புள்ளி சிசரோ என்று வரும். வராமல் எப்படி இருக்கும்? பெட்டி அவருடையது! எகிப்தில் 1887-இல் கிடைத்த அமர்னா களிமண் கடிதங்களும் அப்படியே. அவை எகிப்திய அரசின் கடிதச் சேமிப்பு என்பதால் எல்லாக் கோடும் ஃபாரோவிடம் போய் முட்டும். பாபிலோனிய மன்னனும் ஹிட்டைட் மன்னனும் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை அந்தக் குவியலில் இருக்க நியாயமில்லை.

தொல்லியலில் இதன் மறுவடிவம், நன்றாகத் தோண்டிய இடம் பெரிய மையமாகத் தெரிவது. இருபது ஆண்டு அகழ்ந்த ஊரில் அரிய வகை ஓடுகளும் கிடைத்திருக்கும். இரண்டு குழி மட்டும் போட்ட ஊரில் கிடைத்திருக்காது.

இதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இருக்கும் தரவிலிருந்து பத்து சதவீதத்தைத் தற்செயலாக நீக்கி மறுபடி கணக்கிடுங்கள். ஆயிரம் முறை செய்யுங்கள், கணினிக்கு வலிக்காது. பிறகு இருபது, முப்பது சதவீதம். உங்கள் 'முக்கியமான ஊர்' ஒவ்வொரு முறையும் முன்வரிசையில் இருந்தால் தைரியமாகப் பேசலாம். பொதுவாகக் கோடுகளின் எண்ணிக்கை இந்த அடியைத் தாங்கும். இடைநிலை மையத்தன்மை சீக்கிரம் ஆட்டம் காணும். பாலமாக இருந்த ஒரே கோடு போனால் கதையே மாறிவிடும் அல்லவா? இன்னொன்றும் உண்டு: தரவு தற்செயலாக அழிவதில்லை. ஏழைகளின் கடிதம் அழியும், மடாலயத்தின் பத்திரம் நிற்கும். அந்தச் சாய்வை எந்தத் தற்செயல் சோதனையும் காட்டாது. அதை நீங்கள்தான் எழுதிச் சொல்ல வேண்டும்.

ஒரே பெயரில் பல ஆட்கள் வந்தால்?

இந்த வேலைதான் நேரத்தைத் தின்னும். துருக்கியில் உள்ள குல்தெப்பேயில், அசீரிய வணிகர்களின் வீடுகளிலிருந்து சுமார் 23,000 களிமண் பலகைகள் கிடைத்தன. ஏறக்குறைய 4,000 ஆண்டுப் பழமை. ஒரே பெயர் பலருக்கு. தந்தை பெயரும் சேர்ந்து வந்தால் பிழைத்தோம். வராத இடத்தில் யாரோடு சேர்ந்து வருகிறார், எந்தச் சரக்கில் கை வைக்கிறார் என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

தவறாக இருவரை ஒருவராக்கினால் இல்லாத பாலம் ஒன்று முளைக்கும். நான் முதன்முதலில் செய்த ஒரு கடிதத் தொகுப்பில், இரண்டு குழுக்களை இணைக்கும் ஓர் அற்புதமான இடைத்தரகரைக் கண்டுபிடித்து இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன். பார்த்தால் சித்தப்பாவும் அண்ணன் மகனும். அதிலிருந்து, சந்தேகமான இடங்களில் சேர்த்து ஒரு முறையும் பிரித்து ஒரு முறையும் ஓட்டிப் பார்க்கிறேன்.

வேறு வேறு காலத்தவற்றை ஒரே படத்தில் போடலாமா?

கூடாது. தாத்தா காலத்து ஊரும் பேரன் காலத்து ஊரும் கைகுலுக்க முடியாது. காலத்தைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு வலையாகக் கட்டுவதே வழக்கம். துண்டு எவ்வளவு குறுகலாம் என்பதை உங்கள் காலக்கணிப்பு முடிவு செய்யும். நூறாண்டு பிழை வரம்புள்ள தரவை இருபதாண்டுத் துண்டுகளாக வெட்டினால் அது வெறும் பாவனை.

சரி, இந்த முறையால் புதிதாக எதாவது தெரியவந்ததா?

வந்திருக்கிறது. அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் பார்பரா மில்ஸும் குழுவினரும் கி.பி. 1200 முதல் 1450 வரையிலான 700-க்கும் மேற்பட்ட இடங்களை எடுத்தார்கள். வண்ணம் தீட்டிய ஓடுகள் மட்டும் எட்டு லட்சத்துக்கு மேல், அப்சிடியன் 4,800-க்கு மேல். ஐம்பதாண்டுத் துண்டுகளாக வலை கட்டியபோது, 1300-க்குப் பிறகு நெருக்கமும் மையமும் வடக்கிலிருந்து தெற்குக்குச் சாய்ந்தது தெளிவாகத் தெரிந்தது. இதே தரவின் தொடர்ச்சியாக வந்த ஓர் ஆய்வு 1276 முதல் 1299 வரையிலான பெரும் வறட்சியைப் பார்த்தது. வெளியாரோடு உறவு வைத்திருந்த சமூகங்கள் அங்கேயே தாக்குப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம் என்றும், தங்களுக்குள்ளேயே சுருங்கியவை இடம்பெயர்ந்தன என்றும் அதில் சொன்னார்கள்.

குல்தெப்பே பலகைகளில் வரும் ஊர்களில் பல எங்கே இருந்தன என்றே தெரியாது. எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே எவ்வளவு போக்குவரத்து பேசப்படுகிறது என்பதை வைத்து, இடம் தெரிந்த ஊர்களை ஆதாரமாகக் கொண்டு, தொலைந்த ஊர்கள் எங்கே இருந்திருக்கலாம் என்று 2019-இல் ஒரு குழு கணக்கிட்டது. பக்கத்து ஊர்களுக்குள் வணிகம் அதிகம், தூரத்து ஊர்களுக்குள் குறைவு என்பதுதான் அடிப்படை. வரலாற்றாசிரியர்கள் வேறு சான்றுகளால் ஊகித்திருந்த சில இடங்களோடு இந்தக் கணக்கு ஒத்துப்போனது, அவர்களுக்குள் கருத்து வேறுபட்ட சிலவற்றில் ஒரு பக்கம் சேர உதவியது.

தரவே இல்லாத காலத்துக்கு வலை கட்ட முடியுமா?

மாதிரியாகக் கட்டலாம். மிக எளியது, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மிக அருகில் உள்ள மூன்று புள்ளிகளுக்குக் கோடு போடுவது. ஒரு தாளில் பத்துத் தீவுகளைச் சிதறலாக வரைந்து செய்து பாருங்கள். எல்லோரும் மூன்று கோடுதான் கொடுப்பார்கள், ஆனால் நடுவில் இருக்கும் ஒன்றிரண்டு தீவுகள் ஐந்தாறு பேரிடமிருந்து வாங்கிவிடும். சிப்ரியன் புரூட்பேங்க் கிரேக்கத்தின் சைக்ளடிஸ் தீவுகளை இப்படித்தான் அலசினார்.

நேப்பெட், எவன்ஸ், ரிவர்ஸ் என்ற மூவர் இன்னும் ஒரு படி மேலே போய், வெண்கலக் கால ஏஜியன் கடலின் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களை வைத்து, தொடர்பு வைத்துக்கொள்வதன் செலவையும் ஆதாயத்தையும் சேர்த்து ஒரு மாதிரி செய்தார்கள். பிறகு எரிமலை வெடிப்பில் புதைந்த தெரா தீவின் அக்ரோத்திரியை வலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வலை உடனே அறுந்துவிடவில்லை. ஆனால் பராமரிப்புச் செலவு ஏறியது. வெடிப்புக்கும் கிரீட் தீவு நாகரிகத்தின் வீழ்ச்சிக்கும் நடுவில் ஏன் சில தலைமுறைகள் ஓடின என்பதற்கு இது ஒரு விளக்கமாகலாம் என்றார்கள். விளக்கமாகலாம், அவ்வளவுதான். மாதிரி சான்று ஆகாது.

எந்த மென்பொருள்?

படம் பார்க்க கெஃபி. பெரிய வலைகளுக்கு பாஜெக். ஸ்லோவேனிய மொழியில் 'சிலந்தி' என்று பொருள், பொருத்தமான பெயர். கணக்கை மீண்டும் மீண்டும் ஓட்ட ஆர் மொழியில் ஐகிராஃப் அல்லது பைத்தானில் நெட்வொர்க்எக்ஸ். எல்லாம் இலவசம்.

படத்தில் நடுவில் இருக்கும் புள்ளிதான் முக்கியமானதா?

இல்லை. புள்ளிகளை எங்கே வைப்பது என்பதை மென்பொருளுக்குள் இருக்கும் கணக்கு வழிமுறை தீர்மானிக்கிறது. பெரும்பாலான வழிமுறைகள் தற்செயலான இடங்களில் தொடங்கித் தள்ளித் தள்ளிச் சீராக்குகின்றன. அதே தரவை இரண்டு முறை ஓட்டினால் இரண்டு படம் வரலாம். எண்களைப் பாருங்கள். நூல்கண்டுபோலச் சிக்கிய படத்தைக் கட்டுரையில் போட்டு 'இதிலிருந்து தெளிவாகிறது' என்று எழுதுபவர்களை என்னவென்று சொல்ல!

கணிதம் நிறையத் தெரிய வேண்டுமா?

கூட்டல், கழித்தல், சதவீதம் தெரிந்தால் தொடங்கலாம். ஆனால் நீங்கள் பயன்படுத்தும் அளவு எதை எண்ணுகிறது என்பதைப் பத்துப் புள்ளி வலையில் கையால் ஒரு முறை போட்டுப் பார்க்காமல் ஆயிரம் புள்ளி வலையில் பயன்படுத்தாதீர்கள்.

மனிதர்களைப் புள்ளியாக்குவது அநியாயம் இல்லையா?

நியாயமான கேள்வி, ஃப்ளாரன்ஸ் வலையையே வைத்துச் சொல்கிறேன். அங்கே புள்ளிகள் குடும்பங்கள், கோடுகள் திருமணங்கள். ஒவ்வொரு கோடும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போன ஒரு பெண். அவளுக்குப் புள்ளி கிடையாது. அவளைப் புள்ளியாக வைத்து, அவளுடைய தாய், சகோதரிகள், மாமியார் என்று கோடு போட்டிருந்தால் அதே நகரம் வேறு மாதிரி தெரிந்திருக்கும். அந்த மாதிரி வரைய ஆவணம் கிடைக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் யாரைப் புள்ளியாக்கினோம், யார் கோடாகிப் போனார்கள் என்று எழுதுவதற்கு ஆவணம் தேவையில்லை.

எங்கே தொடங்குவது?

ஒரு விரிதாளைத் திறந்து ஐந்து பத்தி போடுங்கள்: யாரிடமிருந்து, யாருக்கு, எந்த வகை உறவு, எந்த ஆண்டு, சான்று எங்கே. ஐந்தாவது பத்தியை எல்லோரும் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு கோடு விசித்திரமாகத் தெரியும்போது, அந்தக் கடிதம் எந்தத் தொகுதியில் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று தேடி ஒரு வாரம் போகும். முதல் வரியை உள்ளிடும்போதே பக்க எண்ணையும் எழுதிவிடுங்கள்.